வாங்கினாரா, விற்றாரா?

சீனாவில் மருத்துவம் படித்தவன் என்று தெரிந்தால், 2020-க்கு முன்பு ஊரில் ஒரே கேள்விதான் வரும். "அங்க பாம்பு, பல்லி எல்லாம் திம்பாங்களாமே, நீ என்னதாம்ப்பா சாப்பிட்ட?" கொரோனா வந்த பிறகு கேள்வி மாறிவிட்டது. ஏதோ வூஹான் சந்தைக்கு நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் வந்த மாதிரி ஒரு பார்வை. நான் படித்தது ஷாண்டோங் மாகாணத்தில், ஜினானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருந்த ஒரு ஊரில். அங்கிருந்து வூஹான் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் சிரித்துவிட்டு நகர்வதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

அந்த ஆண்டு ஜூன் கடைசியில் சித்தப்பா ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிவிட்டு, அது எனக்கு வந்து சேர்வதற்குள் போனும் செய்துவிட்டார். சீனப் பன்றிகளிடம் ஜி4 என்று ஒரு புதுக் காய்ச்சலாம், அடுத்த கொள்ளைநோய் அதுதானாம். "அது ஃப்ளூ சித்தப்பா, கறி தின்னா வர்றது இல்ல" என்றேன். "எதுக்கும் ஒரு தடவ பாத்துச் சொல்லு, நீ அங்க படிச்சவன்தானே" என்றார். ஊரடங்கில் வேறென்ன வேலை? உட்கார்ந்து தேடினேன். பன்றி, மனிதர், சீனா என்று தேடினால் ஃப்ளூ மட்டும் வரவில்லை. இடையில் வேறொன்றும் வந்தது. பன்றிகளின் ஹெர்ப்பிஸ் வைரஸ், மனிதர்களின் மூளையில் வீக்கம். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனேன். பன்றி வெட்டுபவர், பன்றி இறைச்சி விற்பவர், பண்ணைத் தொழிலாளி, கால்நடை மருத்துவர். விரலில் வெட்டுக்காயம். சில நாளில் காய்ச்சல், தலைவலி, வலிப்பு, நினைவு தப்புதல், வென்டிலேட்டர்.

விரலில் வெட்டுக்காயம் என்ற இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பேண்டெய்ட் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்த வார்டு

2016 டிசம்பர். பயிற்சி மருத்துவராக நரம்பியல் வார்டில் எனக்கு மூன்றாவது வாரம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே பொறுப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை தேறியிருந்தோம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கடையில் பேரம் பேசலாம், டிக்கெட் எடுக்கலாம். நோயாளியின் மனைவி அழுதுகொண்டே தன் ஊர்ப் பேச்சில் சொல்வதைப் புரிந்துகொள்ள அது போதாது. எங்கள் லாவ்ஷி (ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்லவர். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எங்கள் நோட்டில் எழுதிக் காட்டச் சொல்வார். அது பயிற்சிக்கு மட்டும். உண்மையான கேஸ் ஷீட்டை அவர்கள் தனியாக எழுதிக்கொள்வார்கள்.

அந்த ஆளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு நாள் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, மூன்றாம் நாள் விடிகாலையில் வலிப்பு. நான் பார்க்கும்போது நினைவு இல்லை. இடது பக்க வாய் மட்டும் விட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை அவருடைய இடது ஆள்காட்டி விரலில் மாட்டப் போனாள். அதில் ஓரம் கறுத்துச் சுருண்ட ஒரு பழைய பேண்டெய்ட் இருந்தது. கிளிப் சரியாக உட்காரவில்லை. சலித்துக்கொண்டு மோதிர விரலுக்கு மாற்றினாள். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் பெரிய கை அது. கட்டைவிரலடியில் காய்த்துப்போய், நகக்கண் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது போல வெளுத்திருந்தது. வயல் வேலை செய்பவர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி வெளியே வராந்தாவில் பஞ்சு வைத்த கனத்த கோட்டைக் கழற்றாமல், மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நோட்டைத் திறந்தேன். எப்போதிலிருந்து காய்ச்சல், இதற்கு முன் இப்படி வந்ததுண்டா, குடிப்பாரா. மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகள். அந்த அம்மா பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், நான் கேட்காமலேயே ஒன்று சொன்னார். "தா மாய் ரோ." தா என்றால் அவர். ரோ என்றால் இறைச்சி. சீனாவில் சும்மா இறைச்சி என்று சொன்னாலே அது பன்றி இறைச்சிதான். மாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது. நான்காம் தொனியில் சொன்னால் விற்பது.

நான் எழுதியது: இறைச்சி வாங்கினார்.

உடனே எனக்கு ஒரு புத்திசாலித்தனம். கெட்டுப்போன கறி, உணவு நஞ்சு என்று மனம் ஓடியது. எப்போது வாங்கினார் என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "மெய்தியன்" என்றார். தினமும். வீட்டில் வேறு யாராவது அதைச் சாப்பிட்டு உடம்பு கெட்டுப்போனார்களா என்று அடுத்த கேள்வி. தலையை ஆட்டினார். இல்லை. "தினமும் இறைச்சி வாங்கிச் சாப்பிடும் வழக்கம் உண்டு. குடும்பத்தில் பிறருக்குப் பாதிப்பு இல்லை" என்று அழகாக எழுதி முடித்துவிட்டு, அடுத்த படுக்கைக்குப் போனேன்.

இதைத் தமிழ்க்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. கொள்ள வந்தவனைக் கொல்ல வந்தவன் என்று எழுதினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். எங்கள் தொனிப் பாடத்தில் நான் அவ்வளவு மோசமும் இல்லை. பிரச்சினை என்னவென்றால், பாடத்தில் படித்த தொனி வேறு, ஜினான் பக்கத்துப் பேச்சின் தொனி வேறு. பெய்ஜிங் உச்சரிப்பில் நான்காம் தொனி மேலிருந்து சட்டென்று வெட்டி இறங்கும். ஜினான் பக்கம் அதே தொனி கீழேயே தொடங்கி, இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து நின்றுவிடும். வகுப்பில் எங்களுக்கு அதுதான் மூன்றாம் தொனி. அதாவது அந்த ஊர்க்காரர் 'விற்கிறார்' என்று சொல்வதும், எங்கள் வகுப்பு ஒலிப்பேழை 'வாங்குகிறார்' என்று சொல்வதும் என் காதுக்கு ஒன்றுதான். ஐந்து வருடம் அங்கே இருந்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். பேருந்துக்காரரிடமும் கடைக்காரரிடமும் உறைக்கத்தான் செய்தது. அந்த வராந்தாவில் உறைக்கவில்லை.

அந்த ஆளின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். தெளிவாக இருந்தது, கொஞ்சம் செல்கள், கொஞ்சம் கூடுதல் புரதம். ஏதோ ஒரு வைரஸ் என்று அர்த்தம். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் பொட்டுப் பகுதிகள் இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடந்தன. அதைப் பார்த்தால் எந்த நரம்பியல் மருத்துவரும் முதலில் நினைப்பது மனித ஹெர்ப்பிஸைத்தான், உதட்டில் காய்ச்சல் கொப்புளம் போடுகிற அதே வைரஸ். அதற்கான மருந்து அசைக்ளோவிர் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ஹெர்ப்பிஸ் சோதனை இல்லை என்று வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு டிசம்பர் குளிரில் கொசு ஏது? நான்காம் நாள் மூச்சு தானாக வாங்க முடியாமல் போய், ஜினானில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். கேஸ் ஷீட்டில் கடைசியாக இருந்த வரி: வைரஸ் மூளைக்காய்ச்சல், காரணி தெரியவில்லை. அப்புறம் அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

அவருக்கு வந்தது பன்றி ஹெர்ப்பிஸ்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. மூளைக்காய்ச்சலில் ஏறத்தாழ பாதிக்கு உலகெங்கும் காரணம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. அந்தப் பெரிய குப்பைத்தொட்டியில் அவரும் ஒருவராக இருக்கலாம். என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நோயைவிட, அந்த அம்மா கேட்காமலேயே எடுத்துக் கொடுத்த ஒரு சொல்.

பெயரிலேயே போலி

கால்நடை மருத்துவர்களுக்கு இது பழைய நோய். 1902-இல் புடாபெஸ்டில் அலாதார் ஔயெஸ்கி என்ற ஹங்கேரிய மருத்துவர் ஒரு மாடு, ஒரு நாய், ஒரு பூனை ஆகியவற்றின் சாவை ஆராய்ந்து, வெறிநாய்க்கடி போலவே தெரிகிற ஆனால் அது இல்லாத ஒரு நோய் என்று எழுதினார். ரேபிஸ் வாரக்கணக்கில் மறைந்திருந்து வரும். இது முயலுக்கு ஊசியால் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். அதற்குள் அந்த முயல் ஊசி போட்ட இடத்தைத் தன் பல்லாலேயே கடித்துக் குதறிக்கொள்ளும், அப்படி ஓர் அரிப்பு. அமெரிக்காவில் மாட்டுக்காரர்கள் அதற்கு முன்பே இதை வெறி அரிப்பு என்று சொல்லிவந்தார்கள். மாடு வேலிக் கம்பத்தில் தோல் உரியும்வரை உராய்ந்து செத்துப்போகும். 1931-இல் ரிச்சர்ட் ஷோப் என்பவர்தான் இரண்டும் ஒன்றே என்று காட்டினார். இதைச் சுமந்துகொண்டு சாதுவாகத் திரிவது பக்கத்துத் தொழுவத்துப் பன்றிதான் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் காட்டினார். அந்த 1931-இல்தான் பன்றி ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததையும் அவர் வெளியிட்டார். சித்தப்பாவின் கேள்வியும் என் கேள்வியும் கடைசியில் ஒரே ஆளிடம் போய் முட்டியதில் எனக்குச் சிரிப்பு வந்தது.

சீனத்தில் இதன் பெயர் வெய் குவாங் சுவான் பிங். போலி வெறிநாய் நோய். ஆங்கிலப் பெயரும் போலி ரேபிஸ்தான். ரேபிஸோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உறவு என்று பார்த்தால் நம் சின்னம்மை வைரஸ்தான் பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். அந்தக் குடும்பத்துக்கே ஒரு குணம் உண்டு. ஒரு முறை உள்ளே வந்தால் போகாது. சின்னம்மை ஆறிய பிறகும் நரம்பு முடிச்சுக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டு, நாற்பது வருடம் கழித்து அக்கியாக எழுந்து வரும் இல்லையா, அதே போலத்தான். பன்றியின் முகத்து நரம்பு முடிச்சில் இது படுத்துக் கிடக்கும். வண்டியில் ஏற்றி அலைக்கழித்தாலோ குட்டி ஈனும்போதோ எழுந்து மூக்கு வழியாக வெளியேறும். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போகும். சினைப் பன்றி கரு கலைக்கும். வளர்ந்த பன்றிக்குச் சளி, இருமல், கொஞ்சம் காய்ச்சல். பிழைத்துக்கொண்டு ஆயுளுக்கும் சுமக்கும்.

பன்றியை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. மாடு, ஆடு, நாய், பூனை என்று எதில் ஏறினாலும் மூளைக்குத்தான் போகும், அநேகமாகச் சாவுதான். ஹெர்ப்பிஸ் குடும்பத்தில் இது வழக்கம். சொந்த வீட்டில் அடக்கமாக இருக்கும், அடுத்த வீட்டில் நுழைந்தால் கொன்றுவிடும். குரங்குக்கு உதட்டுப் புண் மட்டும் போடுகிற ஒரு ஹெர்ப்பிஸ், 1932-இல் ஒரு குரங்கு கடித்ததில் வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவரின் உயிரை எடுத்தது. அப்படியிருந்தும் பன்றியுடையது மட்டும் மனிதருக்கு வராது என்று எல்லாரும் நம்பினார்கள்.

நம்பியதற்குக் காரணமும் இருந்தது. பன்றியோடு மனிதன் எத்தனை ஆயிரம் வருடமாகப் புழங்குகிறான்! கசாப்புக்காரர்கள், பண்ணைக்காரர்கள், கால்நடை மருத்துவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் இந்த வைரஸை ஒரு கருவியாகவே பயன்படுத்தினார்கள். எலியின் ஒரு தசையில் ஊசியால் ஏற்றிவிட்டால், நரம்பிலிருந்து நரம்புக்குத் தாவித் தாவிப் பின்னோக்கிப் போய், மூளையில் எந்தச் செல் அந்தத் தசையோடு தொடர்பில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். மூளைக்குள் இவ்வளவு நுட்பமாக வழி தெரிந்த ஒரு வைரஸை, இது நமக்கு வராது என்ற தைரியத்தில் பல பத்தாண்டுகள் கையாண்டார்கள். இஸ்தான்புல்லில் 1930-களில் ஆய்வுக்கூட ஊழியர்கள் சிலருக்குக் கையில் அரிப்பு வந்தது பற்றியும், 1980-களில் ஐரோப்பாவில் மூன்று பேரின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்புப்பொருள் தெரிந்தது பற்றியும் பழைய குறிப்புகள் உண்டு. அவற்றை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு, மேலே பெரிய எழுத்தில் 'மனிதருக்குத் தொற்றாது' என்று எழுதிவிட்டார்கள்.

ஒரு பெண்ணின் கண்

அந்த வரியை உடைத்தது 2017-இல் ஒரு கண். பன்றிப் பண்ணையில் வேலை செய்த 46 வயதுப் பெண். பண்ணைக் கழிவுநீர் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. காய்ச்சல், தலைவலி, நினைவிழப்பு. அதிலிருந்து மீண்டவருக்குப் பார்வை போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை. கண்ணுக்குள் இருக்கும் கூழ்த் திரவத்தை எடுத்து, அதில் இருக்கும் மரபணுத் துணுக்குகள் அத்தனையையும் இயந்திரத்தில் போட்டு வாசித்தார்கள். இந்தச் சோதனையில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற சோதனைகளில் நாம் ஒரு பெயரைச் சொல்லி, இது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டால் போதும். ஔயெஸ்கியின் வைரஸ் இருந்தது. 2018-இல் அது கட்டுரையாக வந்தது.

அதன் பின் சீனாவின் வேறு வேறு மாகாணங்களிலிருந்து வரிசையாகக் குறிப்புகள். சில டஜன் பேர். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் பன்றித் தொழிலாளிகள். சிலர் செத்தார்கள், பிழைத்தவர்களில் பலருக்குப் பார்வையோ நினைவோ பேச்சோ பழையபடி திரும்பவில்லை. இயந்திரம் வாசித்ததை மட்டும் வைத்து நம்ப முடியாது, எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட துணுக்காக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு, நியாயமான சந்தேகம்தான். 2019-இல் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து உயிருள்ள வைரஸையே வளர்த்தெடுத்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. அது சீனப் பன்றிகளிடம் அப்போது சுற்றிக்கொண்டிருந்த புது ரகத்தின் நேரடிச் சொந்தம்.

புது ரகம் என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1961-இல் ஹங்கேரியில் அடோர்யான் பார்த்தா என்பவர் பலவீனமாக்கி எடுத்த ஒரு ரகம்தான் இந்த நோய்க்கு உலகப் புகழ்பெற்ற தடுப்பூசி. அதில் ஒரு புரதம் குறைவு. அந்தக் குறைதான் அதன் அழகு: பன்றியின் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கான எதிர்ப்புப்பொருள் இருந்தால் உண்மையான தொற்று, இல்லையென்றால் ஊசி மட்டும். இப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் ஜெர்மனியும் அமெரிக்காவும் 2000-களின் தொடக்கத்தில் தங்கள் பண்ணைகளிலிருந்து இந்த நோயைத் துடைத்தெடுத்தன. சீனாவிலும் அதே ஊசி 1970-களின் கடைசியிலிருந்து இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. 2011 கடைசியில் வட சீனாவில், ஊசி போட்ட பண்ணைகளிலேயே குட்டிகள் மடமடவென்று சாகத் தொடங்கின. வைரஸ் மாறியிருந்தது. உலகப் பன்றிகளில் ஏறத்தாழ பாதி ஒரே நாட்டில் இருக்கும்போது, இப்படி மாறுவதற்கு அதற்கு இடமா இல்லை?

ஆக, மாறியது வைரஸா, நம் பார்வையா? 2011-க்குப் பிறகு புது ரகம். ஏறத்தாழ அதே காலத்தில்தான் எல்லாவற்றையும் வாசிக்கும் அந்த இயந்திரமும் மருத்துவமனைகளுக்குள் வந்தது. இரண்டில் எது முதலில் என்று பிரிக்கவே முடியாதபடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டது. புது ரகத்துக்கு மனிதச் செல்லில் ஏறும் வலு கூடியிருக்கலாம் என்பது பெரும்பாலோர் எண்ணம். எனக்கு என்னவோ மறுபக்கம்தான் சாய்வு. பழைய காலத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருப்பார்கள், காரணி தெரியவில்லை என்று எழுதி மூடியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. நானே அப்படி ஒரு நோட்டை எழுதியவன் என்பதால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. என் குற்றவுணர்வு ஆதாரமாகாது. அதுவும் தெரியும்.

ஆயியின் கத்தி

எங்கள் விடுதிக்குப் பின்னால் ஒரு காய்கறிச் சந்தை. அதில் பன்றிக்கறி விற்ற அம்மாவை எல்லாரும் ஆயி என்று கூப்பிடுவார்கள். சீனத்தில் அத்தை, சித்தி வயதுள்ள பெண்களுக்கெல்லாம் அதுதான் சொல். எனக்கு அப்படிக் கூப்பிடுவதில் தனி சுகம், எங்கள் பாட்டியையும் நாங்கள் ஆயி என்றுதான் சொல்வோம். நான் அவரிடம் கறி வாங்கியது குறைவு. சீன எண்களும் பேரமும் கற்றுக்கொண்டதுதான் அதிகம். நடுவில் குழி விழுந்த வட்டமான மரக்கட்டை, மேலே கொக்கிகளில் பாதிப் பாதியாகப் பிளந்த உடல்கள். விலா எலும்பைக் கனத்த கத்தியால் ஒரே போடு போடுவார். இடது கை கத்தியிலிருந்து அரை அங்குலம் தள்ளிக் கறியைப் பிடித்திருக்கும். எலும்புச் சில்லு முகத்தில் தெறிக்கும். புறங்கையால் துடைத்துக்கொண்டு மிச்சக் காசைக் கொடுப்பார். விரல்களில் எப்போதும் ஏதாவது ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அவருக்கு எதுவும் வரவில்லை. அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்களுக்கும் எதுவும் வரவில்லை. வந்தவர்கள் சில டஜன் பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதாக ஒரு செய்தியும் இல்லை. இது அடுத்த கொரோனா அல்ல. சித்தப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றையே. "அப்ப கறி சாப்பிடலாமா கூடாதா?" சாப்பிடலாம். இந்த வைரஸ் கொழுப்பு உறை போர்த்தது. சோப்பு போட்டாலே உடையும், கொதித்தால் இருக்கவே இருக்காது. நம் ஊரில் பன்றி என்றாலே மூளைக்காய்ச்சல் என்று ஒரு பயம் உண்டு, அதற்குக் காரணம் வேறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் முதலில் மனிதரிடம் கண்டது 1955-இல் வேலூர்ப் பக்கம். அது பன்றியில் பெருகினாலும் கொசு மூலம் வருவது. பன்றியைத் தொடாதவனுக்கும் வரும். இது அப்படியில்லை. கத்தி பிடிக்கும் கைக்கு வரும், கழிவுநீர் தெறிக்கும் கண்ணுக்கு வரும். பச்சைக் கறியைக் கையால் வெட்டி விற்கிறவருக்கு ஆபத்து உண்டு; வாங்கிக் குழம்பு வைக்கிறவருக்குக் கிட்டத்தட்ட இல்லை. என் காது பிரிக்கத் தவறிய அந்த இரண்டு சொற்களை அந்த வைரஸ் சரியாகப் பிரிக்கிறது.

அப்போதே சரியாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. என் நோட்டை நம்பி யாரும் மருந்து எழுதவில்லை. அவர் தொழில் என்னவென்று உள்ளூர் மருத்துவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவர்கள் காதுக்கு அந்த அம்மாவின் தொனி தாய்மொழி. இறைச்சி விற்பவர் என்று நான் சரியாகவே எழுதி லாவ்ஷியிடம் நீட்டியிருந்தாலும், 2016-இல் அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டிய அசைக்ளோவிரையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் வந்த நோயாளிகளிலும் அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை. இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனாலும் இரவுப் பணியில் மூன்று மணி வாக்கில் அந்த அம்மா "மெய்தியன்" என்று சொன்னபோது பார்த்த பார்வை வந்து நிற்கும். தினமும் விற்பவரைப் பற்றிச் சொன்னவரிடம் போய், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன். வெளிநாட்டுப் பையன், ஏதோ உளறுகிறான் என்று விட்டிருப்பார்.

லாவ்ஷியிடமே கேட்டுவிடலாம் என்று அந்த ஜூலையில் தோன்றியது. அந்த ஆள் ஜினான் போய் என்ன ஆனார், கண்ணுக்கு ஏதாவது வந்ததா, இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்களா. நான் எழுதினால் அவர் பதில் போடுவார். வருடப் பிறப்புக்கு வாழ்த்து அனுப்புகிறவர்தான். ஆனால் எங்களுக்குள் இருந்த ஒரே தொடர்பு வீசாட். ஜூன் 29 இரவு மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. சில வாரத்தில் அது முழுசாக நின்றுபோனது. மின்னஞ்சல் முகவரி வாங்கி வைத்துக்கொள்ள ஒருபோதும் தோன்றியதில்லை. இப்போது எழுதினாலும் எந்த முகவரிக்கு எழுதுவது? தினம் நூறு நோயாளிகளைப் பார்த்த அவருக்கு, எட்டாம் படுக்கையின் பேண்டெய்ட் நினைவிருக்குமா?

இப்போது ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறேன். தொழில் என்ன என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் "யாவாரம்" என்பார்கள். முன்பெல்லாம் அதை அப்படியே எழுதிக்கொள்வேன். இப்போது விடுவதில்லை. என்ன வியாபாரம், நீங்களே கையால் செய்வீர்களா, ஆள் வைத்துச் செய்வீர்களா, கையைக் காட்டுங்கள். போன மாதம் ஒருவர் பொறுமை இழந்து, "சார், காய்ச்சலுக்கு வந்தேன், நீங்க இன்கம்டாக்ஸ் மாதிரி கேக்குறீங்க" என்றார். அவருக்கு டெங்கு. பழக்கடை.

அந்த நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஊரடங்கின்போது எடுத்துப் பார்த்தேன். தமிழில் 'இறைச்சி வாங்கினார்' என்று எழுதி, பக்கத்தில் சீன எழுத்திலும் போட்டிருக்கிறேன், லாவ்ஷி மெச்சட்டும் என்று. வாங்குவதற்கும் விற்பதற்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் சின்னது. வாங்குவதன் தலையில் ஒரு கூட்டல் குறி போட்டால் விற்பது வந்துவிடும். இரண்டு கோடுதான். அதற்கு அங்கே இடமும் இருந்தது. பேனாவைத் திறந்தேன், மூடி வைத்துவிட்டேன். பக்கத்தின் ஓரத்தில் லாவ்ஷியின் சிவப்பு மையில் ஒரு சரி குறி இருக்கிறது.